கமெண்டில் இருக்கு, கையேட்டில் இல்லை

நிரலுக்குள்ளே எழுதிய குறிப்புகளைப் பொறுக்கிக் கையேடு தயாரிக்கும் டாக்ஸிஜென் பற்றி என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறார்கள். "கமெண்ட் எழுதியிருக்கேன், ஆனா டாக்குமெண்ட்ல வரலை." எர்ரர் வந்திருந்தால் அதை அப்படியே காப்பி பண்ணித் தேடிப் பார்க்கலாம். எர்ரர் வராது. கருவி ஓடும், முடியும், ஃபோல்டர் நிறைய பக்கங்கள் வந்து விழும். வந்ததைப் படிக்கலாம், வராமல் போனதைக் காட்டும் பக்கம் அதில் கிடையாது.

டாக்ஸிஜென் டிமிட்ரி வான் ஹீஷ் எழுதியது, 1997ல் வெளிவந்தது. ஜாவாவுக்கு ஜாவாடாக் செய்கிற வேலையை சி, சி++ மாதிரி மொழிகளுக்குச் செய்கிறது. எம்பெடெட் கோட் எழுதுகிற இடங்களில் இன்றைக்கும் முதலில் கைக்கு வருவது இதுதான். காணாமல் போன கமெண்டைத் தேடுவதற்கு நான் வைத்திருக்கும் முறை சுலபமானது: கமெண்ட் கோப்பிலிருந்து காகிதம் வரை போகும் பாதையில், எந்த இடம் வரை அது உயிரோடு இருந்தது என்று பார்ப்பது. தமிழில் கமெண்ட் எழுதினால் அந்தப் பாதையில் கூடுதலாக ரெண்டு மூணு பள்ளம் உண்டு.

உதாரணத்துக்கு எங்க பக்கத்து விஷயம் ஒன்று. பேரிகை, பாகலூர் சுற்றுவட்டாரத்தில் பாலிஹவுஸ் ரோஜா உண்டு. தண்ணீரும் உரமும் சொட்டுநீர்க் குழாய் வழியாகவே செடிக்குப் போகும். குழாயில் உப்பு அடைக்காமல் இருக்கவும், தண்ணீரின் பிஎச் அளவை இறக்கவும் ஆசிட்டையும் அதே வழியில் விடுவார்கள். எந்த வால்வு எப்போ திறக்கணும் என்பதை ஒரு சின்ன கண்ட்ரோலர் பார்த்துக்கொள்ளும். ஒரு பட்டறையில் செய்த அப்படிப்பட்ட கண்ட்ரோலரின் கோடை வைத்தே சொல்கிறேன். ஏவிஆர் சிப், சி மொழி, மூன்று மாடல். எழுதியது ரெண்டு பேர். ஒருத்தர் கமெண்டைத் தமிழில் எழுதுவார், இன்னொருத்தர் தெலுங்கில். எங்க ஊரில் இதில் ஆச்சரியமில்லை, சந்தையில் ஒரே பேரத்துக்குள் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் வந்து போகும். கையேடு யாருக்கு என்றால், போர்டு மக்கர் பண்ணும்போது பைக்கில் போய்ப் பார்க்கும் சர்வீஸ் ஆளுக்கு. அவர் கையில் லேப்டாப் இருக்காது, ஸ்பைரல் போட்ட பிரிண்ட் அவுட் இருக்கும்.

அந்தக் கோடில் ஒரு ஃபங்ஷனுக்கு மேல் இப்படி ஒரு கமெண்ட்: "ஆசிட் வால்வைத் திறக்கும் முன் 40 விநாடி வெறும் தண்ணீர் ஓட வேண்டும். ஓட்டம் இல்லையென்றால் திறக்காதே." இந்த ரெண்டு வரி காகிதத்துக்கு வந்து சேருமா?

முதலில் கோப்பையே கருவி திறந்ததா என்று பாருங்கள். உள் ஃபோல்டர்களுக்குள் போவதற்கு ரிகர்சிவ் என்ற அமைப்பு இருக்கிறது. நாமாக ஆன் பண்ணாவிட்டால் அது ஆஃப்தான். கோப்பின் பின்னொட்டும் முக்கியம். ஆர்டுயினோவில் எழுதியிருந்தால் கோப்பு ஐஎன்ஓ என்று முடியும். அதை ஃபைல் பேட்டர்ன்ஸில் சேர்க்கணும், எக்ஸ்டென்ஷன் மேப்பிங்கில் "இது சி++" என்றும் சொல்லணும். ஒன்றை மட்டும் செய்துவிட்டு விடுகிறவர்கள்தான் அதிகம். டாக்ஸிஜென் ஓடும்போது திரையில் எந்தக் கோப்பைப் படிக்கிறேன் என்று வரிசையாகச் சொல்லும். அந்தப் பட்டியலில் உங்கள் கோப்பு இல்லையென்றால் மற்ற எதையும் நோண்ட வேண்டாம்.

அடுத்தது எழுத்துக்குறியீடு. கருவி எல்லாக் கோப்பையும் யூடிஎஃப்-8 என்றே எடுத்துக்கொள்ளும். இன்றைக்கு எழுதும் கோடில் பிரச்சனை இல்லை. பழைய கோடு என்றால் கதை வேறு. 1999ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்று ரெண்டு குறியீடுகள். இணையத்தில் புழங்கிய டிஸ்கி தனி. 2010ல்தான் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது. இடைப்பட்ட காலத்துக் கோப்புகள் இதில் எந்த ஜாடிக்குள் வேண்டுமானாலும் இருக்கலாம். டிஸ்கியில் கொம்பு எழுத்துக்கு முன்னால் சேமிக்கப்படும், யூனிகோடில் பின்னால். அதனால் எண்களை மாற்றிப் போட்டால் மட்டும் போதாது, வரிசையையும் மாற்றணும். லினக்ஸில் இருக்கும் ஐகான்வ் கட்டளைக்கு டிஸ்கி தெரியும். கோப்பை அதில் ஒரே தடவை யூடிஎஃப்-8க்கு மாற்றி வைத்துவிடுவதே நல்லது. டாக்ஸிஜெனிலும் உள்ளீட்டுக் குறியீட்டைச் சொல்ல இடமிருக்கிறது, ஆனால் பத்து கோப்பு ஒரு மாதிரியும் பத்து கோப்பு வேறு மாதிரியும் இருக்கும் ஃபோல்டரில் அது தலைவலி.

கோப்பைத் திறந்தால் வரிசையாகக் கேள்விக்குறி மட்டும் தெரிகிறதென்றால் அது யாரோ பழைய நோட்பேடில் ஆன்சி என்று சேமித்தது. நோட்பேட் எச்சரிக்கும், யார் படிக்கிறார்கள்? அந்த எழுத்துகள் கோப்பிலிருந்தே போய்விட்டன. எந்த மாற்றியும் திருப்பித் தராது, பழைய பேக்கப்தான் கதி.

இதைவிட வேடிக்கையானது பாமினி எழுத்துருவில் தட்டி, வேர்டிலிருந்து கமெண்டுக்குள் ஒட்டிய வரிகள். அவை கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்துகள், குறியீட்டுப் பிழை என்று எதுவும் வராது. பாமினியில் ஷ என்பது பின்சாய்வுக்கோட்டு விசை, இகரக் கொக்கி சின்ன பி விசை. ஆக "ஷிஃப்ட்" என்று எழுதினால் முதலில் நிற்பது பின்சாய்வுக்கோடும் பி-யும். டாக்ஸிஜெனுக்கு அது ஒரு கட்டளை, "அடுத்த சொல்லைத் தட்டச்சு எழுத்தில் காட்டு" என்று அர்த்தம். ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைக் கோடில் ஷிஃப்ட் என்ற சொல் வராத கோப்பு ஏது!

மூன்றாவது இடத்தில் நிறையப் பேர் மாட்டுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். மூன்று மாடல் என்று சொன்னேன் அல்லவா. ஆசிட் வால்வு ரெண்டாவது மாடலில் மட்டும்தான் உண்டு. எனவே அந்த ஃபங்ஷன், கமெண்டோடு சேர்த்து, ஓர் இஃப்டெஃப்புக்குள் இருக்கிறது. கம்பைலருக்கு எந்த மாடல் என்பதை மேக்ஃபைல் சொல்லிவிடும். டாக்ஸிஜென் உங்கள் மேக்ஃபைலைப் படிக்காது. அதுவும் தன் பங்குக்கு ப்ரீபிராசசரை ஓட்டுகிறது, அந்த மாடலின் பெயரை யாரும் வரையறுக்கவில்லை என்று கண்டுகொள்கிறது, இஃப்டெஃப்புக்கும் எண்டிஃபுக்கும் நடுவில் உள்ளதை மொத்தமாகத் தாண்டிப் போகிறது. எச்சரிக்கை கிடையாது. அதன் கண்ணில் அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை, பிறகு எதைப் பற்றி எச்சரிக்கும்?

ப்ரீடிஃபைண்ட் என்ற அமைப்பில் மாடலின் பெயரைச் சேர்த்தால் ஃபங்ஷன் வந்துவிடும். சந்தேகமாக இருந்தால் டாக்ஸிஜெனை டீபக் பண்ணும் விருப்பத்தோடு, ப்ரீபிராசசர் என்று கேட்டு ஓட்டுங்கள். சலித்த பிறகு மிஞ்சிய கோடை அப்படியே துப்பும். சிலர் ப்ரீபிராசசரையே நிறுத்திவிடச் சொல்வார்கள். அப்போது எல்லாம் வரும், ஆனால் மூன்று மாடலின் ஃபங்ஷன்களும் ஒரே கையேட்டில் கலந்து வரும். ஒரே பெயரில் ரெண்டு ஃபங்ஷன் இருந்தால் எது எந்த மாடலுக்கு என்று சர்வீஸ் ஆள் எப்படிக் கண்டுபிடிப்பார்? மாடலுக்கு ஒரு தடவை என்று மூன்று தடவை ஓட்டி, மாடல் பெயரை அட்டையில் போட்டு மூன்று கையேடாகக் கொடுப்பதுதான் சரி என்பேன். காகிதம் கொஞ்சம் கூடத்தான் செலவாகும்.

ஏவிஆர் கோடில் இன்டரப்டுக்கு எழுதும் ஐஎஸ்ஆர் மேக்ரோவும் இதே வகை. டாக்ஸிஜென் அதை ஐஎஸ்ஆர் என்ற பெயருள்ள ஃபங்ஷன் என்று நினைத்துக்கொள்ளும். இதற்கும் ப்ரீடிஃபைண்டில் ஒரு விரிவாக்கம் எழுதி, மேக்ரோ விரிவாக்கத்தை ஆன் பண்ணினால் போதும்.

நான்காவது, கமெண்டை கமெண்ட் என்று கருவி மதித்ததா? சாய்வுக்கோடும் ஒரே ஒரு நட்சத்திரமும் போட்டு ஆரம்பித்தால் (/*) அது உங்களுக்கும் கம்பைலருக்கும் நடுவில் உள்ள விஷயம், டாக்ஸிஜென் கண்டுகொள்ளாது. ரெண்டு நட்சத்திரம் வேணும் (/**). ரெண்டு போட்டால் போதும், அழகுக்கு என்று வரி முழுக்க நட்சத்திரம் கட்டினால் மறுபடியும் சாதா கமெண்ட் ஆகிவிடும். ஜாவாடாக் பேனர் என்ற அமைப்பை ஆன் பண்ணினால்தான் அந்த அலங்காரத்தை ஏற்கும்.

இவ்வளவும் தாண்டி வந்தாலும் சி மொழியில் இன்னொரு நிபந்தனை. கிளாஸுக்குள் இல்லாத ஃபங்ஷன் வெளியீட்டில் வரணும் என்றால், அது இருக்கும் கோப்புக்கும் ஒரு கமெண்ட் இருக்கணும். கோப்பின் தலையில் பின்சாய்வுக்கோடு போட்டு ஃபைல் என்று ஒரு கட்டளை, கீழே ஒரு வரி விளக்கம். அது இல்லாத கோப்பில் நீங்கள் எழுதிய அத்தனையும் தொடர்கோட்டுக்கு வெளியே போன மாதிரி. ஸ்டாட்டிக் ஃபங்ஷன்களுக்குத் தனி அனுமதி வேணும்.

இந்த இடத்தில் எல்லோரும் சொல்லும் வைத்தியம் எக்ஸ்ட்ராக்ட் ஆல். ஆன் பண்ணினால் எல்லாம் வந்துவிடும், உண்மை. கூடவே, "இந்த ஃபங்ஷனுக்கு விளக்கம் இல்லை" என்ற எச்சரிக்கைகளும் நின்றுவிடும். எதற்குக் கமெண்ட் எழுதவில்லை என்று சொல்லித் தரும் ஒரே வாயையும் அடைத்துவிட்டு, கையேடு தடிமனாக இருக்கிறது என்று சந்தோஷப்படுவதில் எனக்கு உடன்பாடில்லை. அதை ஆஃபில் வையுங்கள், எச்சரிக்கைகளைத் தனிக் கோப்பில் எழுதச் சொல்லுங்கள், அந்தக் கோப்பைப் படியுங்கள்.

ஒரு சின்ன விஷயம். முதல் வாக்கியத்தைச் சுருக்கமாக எடுத்துக்கொள்ளும் ஆட்டோபிரீஃப் ஆன் ஆகியிருந்தால், புள்ளியும் இடைவெளியும் வரும் இடத்தில் வாக்கியம் முடிந்ததாகக் கருவி நினைக்கும். "எ.கா. பம்ப் நின்றால்" என்று ஆரம்பித்தால் சுருக்கம் "எ.கா." மட்டும்தான். புள்ளிக்குப் பிறகு ஒரு பின்சாய்வுக்கோடும் இடைவெளியும் போட்டால் வெட்டாது.

சரி, எச்டிஎம்எல் பக்கத்தில் இப்போது நம் கமெண்ட் முழுசாகத் தெரிகிறது. தமிழும் தெரிகிறது, தெலுங்கும் தெரிகிறது. ஆபத்து இதற்குப் பிறகுதான். எச்டிஎம்எல்லைக் காட்டுவது பிரவுசர்; தன்னிடம் உள்ள எழுத்துருவில் தமிழ் இல்லையென்றால் வேறு எழுத்துருவைத் தானே தேடி எடுத்துக்கொள்ளும். பிடிஎஃப் அப்படி இல்லை. டாக்ஸிஜென் லேடெக்ஸ் கோப்பாக எழுதித் தரும், லேடெக்ஸ்தான் அதை பிடிஎஃப் ஆக்கும். பழைய பிடிஎஃப்லேடெக்ஸ் தமிழ் எழுத்தைப் பார்த்ததும் எர்ரர் காட்டும். அது நல்லது, தெரிந்துவிடும். எர்ரருக்கு நிற்காமல் ஓடு என்று பேட்ச் முறையில் விட்டால் அதையும் விழுங்கிவிட்டுப் போகும். யூனிகோட் தெரிந்த ஸீலேடெக்ஸுக்கு மாறினால் எர்ரர் நின்றுவிடும், பிரச்சனை நிற்காது. எழுத்துருவில் இல்லாத எழுத்துகளை அது அச்சிடாமல் விட்டுவிட்டு, லாக் கோப்பில் மட்டும் "மிஸ்ஸிங் கேரக்டர்" என்று ஒவ்வொன்றாக எழுதி வைக்கும். கட்டம்கூட வராது, வெற்றிடம்தான்.

நம் கமெண்டை இப்போது நினைத்துப் பாருங்கள். தமிழ் எழுத்துகள் போய்விட்டன. எண்களும் புள்ளிகளும் லத்தீன் எழுத்துருவிலேயே இருக்கின்றன. அச்சில் வருவது: 40. ஒரு புள்ளி. இன்னொரு புள்ளி. அதைப் பார்க்கும் சர்வீஸ் ஆள் 40ஐ என்னவென்று எடுத்துக்கொள்வார்? 40 விநாடி ஆசிட் வால்வு திறந்திருக்கணும் என்றுகூட எடுத்துக்கொள்ளலாம், அந்த ஃபங்ஷனின் பெயர் அப்படித்தான் இருக்கிறது. தண்ணீர் ஓட்டம் இல்லாத குழாயில் அவ்வளவு நேரம் ஆசிட் இறங்கினால் அடுத்து தண்ணீர் விடும்போது அத்தனையும் செறிவாக வேருக்குப் போகும். அந்தப் பக்கம் ஒட்டுமொத்தமாகக் காலியாக இருந்திருந்தால் அவர் ஃபோன் பண்ணிக் கேட்டிருப்பார்.

தீர்க்க ரெண்டு வழி. லேடெக்ஸ் தலைப்புக் கோப்பில் நோட்டோ செரிஃப் தமிழ் மாதிரி எழுத்துருவைச் சொல்லி, ஸ்கிரிப்ட் தமிழ் என்றும் குறிப்பிடலாம். ஆனால் அதில் தெலுங்கு இருக்காது. தெலுங்குக் கமெண்டுகள் இப்போது காணாமல் போகும். எழுத்தைப் பார்த்து எழுத்துருவை மாற்றும் தொகுப்புகள் இருக்கின்றன, அமைப்பதற்கு ஒரு சாயங்காலம் போகும். ரெண்டாவது வழி, எச்டிஎம்எல் பக்கத்தை பிரவுசரிலேயே திறந்து பிரிண்ட் கொடுப்பது. பக்க எண், பொருளடக்கம் எல்லாம் லேடெக்ஸ் அளவுக்கு வராது. மூன்று மொழி கலந்த கோடுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன். லேடெக்ஸ்தான் வேணும் என்பவர்கள், லாக் கோப்பில் "மிஸ்ஸிங் கேரக்டர்" ஒன்று இருந்தாலும் வேலையை நிறுத்து என்று மேக்ஃபைலில் ஒரு வரி கிரெப் சேர்த்துவிடுங்கள்.

திரையில் படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பக்கத்தின் மேலே உள்ள தேடல் பெட்டியில் "வால்வு" என்று அடித்தால் ஒன்றும் வராது. அந்தப் பெட்டி ஃபங்ஷன் பெயர், பக்கத் தலைப்பு மாதிரியானவற்றை மட்டும் தேடும். கமெண்டின் உள்ளே பார்க்காது. முழு உரையும் தேடணும் என்றால் சர்வர் வழித் தேடலை அமைக்கணும்.

மிச்சம் இருப்பது, கமெண்ட் ஒழுங்காக வந்து சேர்ந்து, ஆனால் தப்பாக இருப்பது. கோடில் 40ஐ 60 ஆக்கிவிட்டு கமெண்டை அப்படியே விட்டால் டாக்ஸிஜெனுக்குத் தெரியாது. அதனால் கண்டுபிடிக்க முடிந்தது பாராமீட்டரின் பெயர் பொருந்தாததை மட்டும்தான். அதைத் தவறாமல் சொல்லும். எண்ணைக் கமெண்டில் எழுதாமலே இருப்பது இதற்கு ஒரு வழி. விநாடியை டிஃபைன் போட்டு ஒரு பெயரில் வைத்து, அதற்கு மேல் ஒரு கமெண்ட் எழுதி, ஃபங்ஷன் கமெண்டில் அந்தப் பெயரை மட்டும் முன்னால் # போட்டுக் குறிப்பிட்டால், டாக்ஸிஜென் பெயருக்கு இணைப்பும் கொடுக்கும், டிஃபைன் பட்டியலில் மதிப்பையும் கோடிலிருந்தே எடுத்து அச்சிடும்.