சோர்வுற்ற உள்ளமும் கல்வியும்



திருச்சிராப்பள்ளி சத்திரம் பேருந்து நிலையத்தில் காலை வேளையில் சற்று நின்று பார்த்தால், இந்நகரின் கல்வி வரலாறே புத்தகப் பையுடன் இறங்கி நடப்பதைக் காணலாம். 1844-இல் நாகப்பட்டினத்தில் தோன்றி 1883-இல் இங்கு இடம்பெயர்ந்த தூய வளனார் கல்லூரியும், 1923-இல் தொடங்கிய ஹோலி கிராஸ் மகளிர் கல்லூரியும் நடை தூரத்தில் உள்ளன. இவற்றில் எல்லாச் சமயத்தாரும் பயில்கின்றனர். எனினும், இன்று கிறித்தவ இளைஞரை முன்னிட்டே பேச விரும்புகிறேன். உள்ளம் சோரும்போது அவர்களுக்கு ஒரு தனி இடர்ப்பாடு நேர்வதுண்டு. ‘உன் செபம் போதவில்லை, விசுவாசம் குறைந்துவிட்டது’ என்று வீட்டார் சிலர் கூறிவிடுகின்றனர். முன்னமே தன்னைத் தாழ்வாக எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளை, கடவுளும் தன்னைக் கைவிட்டார் என்று நினைக்கத் தலைப்படுகிறது.

மனச்சோர்வு என்னும் நோய் சாதாரணத் துயரம் அன்று. இரண்டு வாரங்களுக்கு மேலாக உறக்கமும் பசியும் கெடும்; விரும்பிய விளையாட்டும் கசக்கும்; படித்த பக்கத்தையே மீண்டும் மீண்டும் படித்தாலும் மனத்தில் தங்காது. கவனமும் நினைவும் தளர்வதால் மதிப்பெண் சரிகிறது. அதனைச் சோம்பல் என்று கருதிக் கடிந்தால் நோய் மேலும் முற்றும். மனநோய்களில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றன என்று உலக நலவாழ்வு அமைப்பு கூறுகிறது. பள்ளிப் பணியில் நான் கண்டது ஒன்று: மாறுதலை முதலில் அறிபவர் ஆசிரியரோ பெற்றோரோ அல்லர், ஒரே பலகையில் அமர்ந்திருக்கும் தோழரே.

விவிலியத்தில் எலியா தீர்க்கதரிசியின் வரலாறு உண்டு. பாலைநிலத்தில் சூரைச்செடியின் கீழ் அமர்ந்து, ‘போதும்’ என்று சாவை வேண்டினார் அப்பெரியவர். அவரிடம் வந்த தூதர் விசுவாசக் குறைவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவரைத் தட்டி எழுப்பி அப்பமும் நீரும் தந்தார். உறங்கவிட்டு, மறுபடியும் எழுப்பி உண்ணச் செய்தார். உடலைப் பேணுவதும் இறைப்பணியே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1957-இல் பாகாயத்தில் மனநல மருத்துவமனை அமைத்தது. அங்கே நோயாளியுடன் குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கு பெறுகின்றனர். செபத்துக்கு மருத்துவம் பகையன்று என்பதைச் செயலில் காட்டிய இடம் அது.

திருச்சபையின் நோக்கும் மாறியிருக்கிறது. தற்கொலை செய்துகொண்டவருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்த 1917-ஆம் ஆண்டின் கத்தோலிக்கச் சட்டவிதி, 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் இடம்பெறவில்லை. கடுமையான உளக்கோளாறு ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்று 1992-இல் வெளியான மறைக்கல்வி நூல் ஏற்கிறது. இவ்வளவும் நடந்த பின்னரும் சில வீடுகளில் பழைய அச்சம் நீங்கவில்லை. நோயை வெளியில் சொன்னால் திருமணம் தடைப்படும் என்று மறைப்போரும் உளர்; மறைத்த காலமெல்லாம் நோய்க்கே ஆதாயம்.

உங்கள் தோழர் ஒருவர் ஒதுங்கியிருந்தால் அருகில் அமர்ந்து கேளுங்கள். அறிவுரை பிறகு ஆகட்டும். ‘வாழ விருப்பமில்லை’ என்று அவர் சொன்னால், அதனை இரகசியமாகக் காக்க ஒப்ப வேண்டா. அவரைத் தனியே விடாமல், நம்பத்தக்க பெரியவர் ஒருவரிடம் உடனே அழைத்துச் செல்லுங்கள். 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும், கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம். நேரில் மருத்துவரைக் காண வேண்டுமாயின், புத்தூரில் உள்ள அரசு மருத்துவமனைக்குச் சென்று, புறநோயாளர் சீட்டு வாங்குமிடத்தில் மனநலப் பிரிவு எங்கே என்று கேளுங்கள். அவரோடு நீங்களும் உடன் செல்லுங்கள்.