தங்கம் குவித்த "புலிப் பெண்கள்"

அமெரிக்காவில் டென்னசி என்று ஒரு மாநிலம். அதன் தலைநகர் நாஷ்வில். அங்கே டென்னசி மாநிலப் பல்கலைக்கழகம் இருக்கிறது.

கறுப்பின மக்களின் பிள்ளைகளுக்காக 1912-ம் ஆண்டு அது தொடங்கப்பட்டது. வெள்ளையர் கல்லூரிகளில் அவர்களுக்கு இடம் கிடையாது. ஓட்டலில் சாப்பாடு கிடையாது. பஸ்சில் பின் பக்கத்தில்தான் உட்கார வேண்டும். அப்படி ஒரு காலம் அது.

அந்தக் கல்லூரிப் பெண்கள்தான் பின்னாளில் ஓட்டப் பந்தயத்தில் உலகையே வென்றார்கள்!

கண்டிப்பான ஆசிரியர்

1948-ல் லண்டனில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. இந்தக் கல்லூரி மாணவி ஆட்ரி பேட்டர்சன் 200 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலப் பதக்கம் பெற்றார். ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் அமெரிக்கக் கறுப்பினப் பெண் அவர்தான்.

1950-ல் எட் டெம்பிள் என்ற இளைஞர் பயிற்சியாளராக வந்தார். அதே கல்லூரியில் படித்தவர். பணம் இல்லை, நல்ல ஓடுதடம் கூட இல்லை. வெளியூர்ப் பந்தயங்களுக்குப் பெண்களைக் காரில் ஏற்றிக்கொண்டு அவரே ஓட்டிச் செல்வார். வழியில் ஓட்டல்களில் நுழைய முடியாது. ஆகவே, சாப்பாட்டைக் கட்டி எடுத்துக்கொண்டே புறப்படுவார்கள்.

விளையாட்டுக்கென்று தனி உதவித்தொகை அப்போது இல்லை. மாணவிகள் தினமும் 2 மணி நேரம் கல்லூரியில் வேலை செய்து, படிப்புச் செலவைச் சமாளித்தார்கள். படிப்பு முதலில், ஓட்டம் பிறகு. இதுதான் டெம்பிளின் சட்டம்.

அந்தப் பெண்களை "டைகர்பெல்ஸ்" என்று அழைத்தார்கள். "புலி அழகிகள்" என்று பொருள்.

நடக்க முடியாத சிறுமி

அவர்களில் ஒருவர் வில்மா ருடால்ப். 1940-ல் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். தகப்பனாருக்கு மொத்தம் 22 பிள்ளைகள். வில்மா 20-வது குழந்தை!

சிறு வயதிலேயே இளம்பிள்ளை வாதம் தாக்கியது. இடது கால் சூம்பியது. காலில் இரும்புப் பட்டை மாட்டினார்கள். தாய் மனம் தளரவில்லை. மகளை நாஷ்வில் மருத்துவமனைக்கு வாரந்தோறும் பஸ்சில் அழைத்துச் சென்றார். வீட்டில் அண்ணன், அக்காள் எல்லோரும் முறை வைத்துக் காலைப் பிடித்துவிட்டார்கள். 12 வயதுக்குள் இரும்புப் பட்டை கழன்றது. சிறுமி நடந்தாள், ஓடவும் தொடங்கினாள்.

டெம்பிளிடம் வந்த பிறகு, ஒரு நாள் தூங்கிவிட்டு 30 நிமிடம் தாமதமாகப் பயிற்சிக்கு வந்தார் வில்மா. "நிமிடத்துக்கு ஒரு சுற்று" என்பது தண்டனை. 30 சுற்று ஓடினார். மறுநாள் 30 நிமிடம் முன்னதாகவே வந்து நின்றார்!

ரோமாபுரியில்...

1960-ல் ரோம் ஒலிம்பிக். வில்மா 100 மீட்டரில் தங்கம் வென்றார். 200 மீட்டரிலும் தங்கம்.

அடுத்தது, 4 பேர் கோலைக் கைமாற்றி ஓடும் தொடர் ஓட்டம். மார்த்தா ஹட்சன், லூசிண்டா வில்லியம்ஸ், பார்பரா ஜோன்ஸ், வில்மா. நால்வருமே இந்த ஒரே கல்லூரி! கடைசியாகக் கோலை வாங்கும்போது வில்மா தடுமாறினார். ஜெர்மனி முந்தியது. ஆனாலும் விடவில்லை. விரட்டிப் பிடித்து வென்றார். மூன்றாவது தங்கம்!

ஊர் மாறியது

சொந்த ஊரான கிளார்க்ஸ்வில் அவருக்கு வரவேற்பு ஊர்வலம் ஏற்பாடு செய்தது. வெள்ளையர் தனி, கறுப்பர் தனி என்பது அந்த ஊர் வழக்கம்.

"அப்படியானால் நான் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டார் வில்மா. வயது 20!

ஊர் பணிந்தது. ஊர்வலத்திலும் விருந்திலும் இரு இனத்தாரும் ஒன்றாகக் கலந்துகொண்டார்கள். அந்த ஊரில் அப்படி நடந்தது அதுவே முதல் தடவை.

இன்னொரு மாணவி வயோமியா டையஸ் 1964, 1968 ஆகிய இரண்டு ஒலிம்பிக்கிலும் 100 மீட்டர் தங்கம் வென்றார். ஆண்களிலும் பெண்களிலும் அதற்கு முன் யாரும் அப்படி வென்றதில்லை.

டெம்பிள் 44 ஆண்டுகள் பயிற்சி அளித்தார். அவரிடம் பயின்ற 40 பேர் ஒலிம்பிக் சென்றனர். 23 பதக்கங்கள் கிடைத்தன. அந்த 40 பேரில் ஏறக்குறைய எல்லோரும் பட்டதாரி ஆனார்கள். பதக்கங்களை விட அதைத்தான் டெம்பிள் பெருமையாகச் சொல்வார்.

2015-ல் நாஷ்வில் நகரம் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தது. மறு ஆண்டு அவர் காலமானார்.