பெட்டியில் போட்டிருக்கும் வாட் உண்மையா?

கார் ஸ்டீரியோ வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது, பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும் வாட் எண்ணைத்தான். ஒரு பெட்டியில் '4 × 50 வாட்' என்றிருக்கும். பக்கத்துப் பெட்டியில் '1000 வாட்' என்றிருக்கும். எண் பெரிதானால் ஒலியும் பெரிதாகும் என்று நம்பிக் கூடுதல் விலை கொடுப்பவர்கள் பலர். அந்த எண்ணை நம்பலாமா என்று உங்களால் சோதிக்க முடியும். நீங்கள் பள்ளியில் படித்த மின்னியல் பாடமே அதற்குப் போதும்.

பேட்டரி சொல்லும் கணக்கு

கார் பேட்டரி 12 வோல்ட் உடையது. எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் அதை மின்னேற்றுவதால் மின்னழுத்தம் சுமார் 14.4 வோல்ட்டுக்கு உயர்கிறது. ஸ்டீரியோவுக்குள் இருக்கும் பெருக்கிக்குக் கிடைப்பது இவ்வளவுதான். கார் ஒலிபெருக்கிகளில் பெரும்பாலானவை 4 ஓம் உடையவை.

மின்னழுத்தத்தை அதனாலேயே பெருக்கி, மின்தடையால் வகுத்தால் திறன் கிடைக்கும் அல்லவா? ஆனால் ஒலிக்குரிய மின்னழுத்தம் நிலையாக நிற்பதில்லை. அலையாக ஏறி இறங்குகிறது. ஒலிபெருக்கியின் இரு முனைகளையும் எதிரெதிராக இயக்கும் நல்ல சுற்றில்கூட அலையின் உச்சம் 14.4 வோல்ட்டைத் தாண்டாது. சைன் அலையானால், உச்சத்தை 1.414ஆல் வகுக்க வேண்டும். வருவது 10.2 வோல்ட். இனி 10.2 × 10.2 ÷ 4 = 26 வாட். டிரான்சிஸ்டர்களில் ஏற்படும் இழப்பையும் கழித்தால் 20 வாட் அளவே மிஞ்சும்.

அப்படியானால் 50 வாட் எங்கிருந்து வந்தது? 14.4 × 14.4 ÷ 4 என்று கணக்கிட்டுப் பாருங்கள், 51.8 வருகிறது! அலையின் மேலும் கீழும் வெட்டுண்டு, சதுர அலையாக மாறும்வரை ஒலியைக் கூட்டினால் கிடைக்கும் திறன் அது. அந்நிலையில் பாட்டு கரகரக்கும். ஒலிபெருக்கியின் கம்பிச்சுருள் சூடேறிக் கருகவும் கூடும். ஆகவே 'ஆர்.எம்.எஸ்.' என்று குறிப்பிட்டிருக்கும் வாட்டையே பாருங்கள்.

ஃபியூஸ் பொய் சொல்லாது

தனியாகப் பொருத்தும் பெரிய பெருக்கிகள், 14.4 வோல்ட்டை உள்ளேயே உயர்த்திக்கொள்கின்றன. அதனால் அவை கூடுதல் திறன் தரும். ஆனால் ஆற்றலை எதனாலும் புதிதாக உண்டாக்க முடியாது. '1000 வாட்' பெருக்கியில் 30 ஆம்பியர் ஃபியூஸ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 14.4 × 30 = 432 வாட். உள்ளே போவதே இவ்வளவுதான்! அதில் 100க்கு 80 பங்கு ஒலிபெருக்கிக்குப் போனாலும் 346 வாட்தான், மீதி வெப்பமாகிறது. 1000 வாட் தொடர்ந்து வருவது எப்படி?

ஃபியூஸ் போதவில்லை என்று பெரியதாக மாற்றுவது ஆபத்து. கம்பி சூடேறித் தீப்பிடிக்கலாம். பேட்டரியிலிருந்து வரும் கம்பிக்கு, பேட்டரியின் அருகிலேயே ஒரு ஃபியூஸ் வேண்டும்.

இரண்டு 4 ஓம் ஒலிபெருக்கிகளைப் பக்க இணைப்பில் இணைத்தால் மின்தடை 2 ஓம் ஆகும். மின்னோட்டம் இரு மடங்காகும். 2 ஓமுக்கு ஏற்றது என்று பெருக்கியில் குறிப்பு இல்லாவிட்டால் அப்படி இணைக்கக் கூடாது.

செலவில்லாத வாட்

ஒலிபெருக்கியில் 'உணர்திறன்' என்ற எண்ணையும் பாருங்கள். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் ஒலி கேட்கும் என்பதை அது சொல்கிறது. திறனை இரு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபல் மட்டுமே கூடும். எனவே 87 டெசிபல் ஒலிபெருக்கி 100 வாட்டில் தரும் ஒலியை, 90 டெசிபல் ஒலிபெருக்கி 50 வாட்டிலேயே தந்துவிடும். நல்ல ஒலிபெருக்கியைத் தேர்ந்தெடுத்தால் சிறிய பெருக்கியே போதும்.

காதுக்கும் ஒரு கணக்கு உண்டு. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரைப்படி, 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம்வரை கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலுக்கு எவ்வளவு நேரம்? 15 நிமிடந்தான்! உள்காதின் நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. எரிந்த ஃபியூஸை மாற்றலாம்; காதை மாற்ற முடியாது.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு: ஒரு பெருக்கியின் ஃபியூஸ் 20 ஆம்பியர், பெட்டியில் 600 வாட் என்று எழுதியிருக்கிறது. அதை நம்பலாமா?