எழுதியவர் நாம், உரிமை யாருக்கு?



இறுதியாண்டு ப்ராஜெக்டுக்காக நானும் என் குழு நண்பர்களும் நூலகக் கணினியில் தேடிக்கொண்டிருந்தோம். எங்கள் துறை சார் ஒருவர், முன்பு ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது எழுதிய கட்டுரை கண்ணில் பட்டது. எங்கள் தலைப்புக்கு அளவெடுத்துத் தைத்தது போல் இருந்தது. ஆனால் சுருக்கம் மட்டும்தான் தெரிந்தது. முழுதும் படிக்க டாலரில் பணம் கட்ட வேண்டுமாம்!

நேராக சாரிடம் ஓடினோம். "சார், நீங்க எழுதினதுதானே? நம்ம கல்லூரி இணையப் பக்கத்துல போட்டுட்டா ஜூனியர் பசங்களும் படிப்பாங்களே?"

சார் சிரித்தார். "எழுதினது நான்தான்பா. ஆனா அதை ஊருக்குக் கொடுக்கிற உரிமை என்கிட்ட இல்ல. அச்சாகுதுங்கிற சந்தோஷத்துல படிக்காமலே கையெழுத்துப் போட்டுட்டேன்."

அது என்ன கையெழுத்து? விசாரித்துத் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

உரிமை கைமாறும் இடம்

கதை எழுதினால் சன்மானம் உண்டு. ஆய்விதழில் கட்டுரை எழுதுபவருக்குப் பொதுவாக ஒரு பைசாவும் கிடையாது. அதைச் சரிபார்க்கும் சக ஆய்வாளர்களும் பெரும்பாலும் இலவசமாகவே உழைக்கிறார்கள். ஆய்வுக்கான பணமோ பல நேரங்களில் மக்களின் வரிப்பணம். கட்டுரை ஏற்கப்பட்டதும் பதிப்பகத்திலிருந்து ஒரு படிவம் வரும். "பதிப்புரிமை முழுவதையும் மாற்றித் தருகிறேன்" என்று அதில் இருக்கும். கையெழுத்திட்ட பிறகு, படிவத்தில் விட்டுவைத்த சலுகைகள் தவிர, எழுதியவரும் வெளியாள்தான்.

பிறகு அதே கட்டுரைகளைப் படிக்க நாமே சந்தா கட்டுகிறோம். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு ஒதுக்கிய தொகை 6,000 கோடி ரூபாய்!

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, பொதுவாக எழுதியவரே முதல் உரிமையாளர். அவர் எழுத்து மூலம் கையெழுத்திட்டுக் கொடுத்தால்தான் உரிமை கைமாறும். முழுவதும் கொடுக்கலாம், ஒரு பகுதியும் கொடுக்கலாம். கால அளவு குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆனால் பதிப்பகங்கள் விவரமானவை. 'உலகம் முழுவதும், உரிமைக் காலம் முழுவதும்' என்று படிவத்திலேயே அச்சடித்து வைத்திருப்பார்கள்.

நம்ம ஊரில் நிலத்தை விற்பவர் 'கிணற்றில் என் பங்கு எனக்கே' என்று பத்திரத்தில் எழுதிக்கொள்வதில்லையா? அதுபோல, வெளியிடும் உரிமையைக் கொடுத்துவிட்டு, எல்லோருக்கும் இலவசமாகப் பகிரும் உரிமையை நம்மிடமே வைத்துக்கொள்ளலாம்.

ஹார்வர்டு காட்டிய வழி

தனி ஆளாகப் பதிப்பகத்தோடு வாதாட யாருக்குத் தைரியம் வரும்? அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். கணினி அறிவியல் பேராசிரியர் ஸ்டூவர்ட் ஷீபர் கொண்டுவந்த தீர்மானத்தை, கலை அறிவியல் பிரிவு ஆசிரியர்கள் 2008 பிப்ரவரி 12 அன்று ஒருமனதாக நிறைவேற்றினார்கள். 'இனி நாங்கள் எழுதும் ஆய்வுக் கட்டுரைகளை லாப நோக்கமின்றி எல்லோருக்கும் வழங்கப் பல்கலைக்கழகத்துக்கு இப்போதே அனுமதி தருகிறோம்' என்பதே சாரம்.

விற்பதற்கு முன்பே வண்டிப்பாதை எழுதிக் கொடுத்த நிலம் போலத்தான் இது. பின்னால் வாங்குபவர் பாதையை அடைக்க முடியாது! பதிப்பகம் ஒத்துக்கொள்ளாவிட்டால், அந்த ஒரு கட்டுரைக்கு மட்டும் விலக்குக் கேட்கவும் இடம் வைத்தார்கள்.

அதற்கும் முன்பே, 1991-இல் பால் கின்ஸ்பார்க் என்ற இயற்பியலாளர் தொடங்கிய 'ஆர்க்கைவ்' களஞ்சியத்தில் ஆய்வாளர்கள் தங்கள் கைப்பிரதிகளைத் தாங்களே போட ஆரம்பித்துவிட்டார்கள். 2022 தொடக்கத்தில் அங்கே கட்டுரைகளின் எண்ணிக்கை 20 லட்சத்தைத் தாண்டியது. நம் நாட்டிலும் 2014-இல் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும், தங்கள் நிதியில் நடந்த ஆய்வுகளின் கட்டுரைகளைத் திறந்த களஞ்சியத்தில் சேர்க்க வேண்டும் என்று கொள்கை வகுத்தன.

நாம் செய்ய வேண்டியது

ஒரு கட்டுரைக்கு மூன்று வடிவம் உண்டு: நாம் முதலில் அனுப்பியது, திருத்தி, ஏற்கப்பட்டது, பதிப்பகம் அச்சுக்கோத்து வெளியிட்டது. முதலாவதைப் பகிரப் பல பதிப்பகங்கள் அனுமதிக்கின்றன. இரண்டாவதற்குச் சில மாதம் பொறுக்கச் சொல்லலாம். மூன்றாவதில்தான் கெடுபிடி அதிகம். எனவே:

1. படிவத்தை முழுவதும் படியுங்கள்.
2. உரிமையை மாற்றித் தருவதற்குப் பதில், வெளியிட உரிமம் மட்டும் தரலாமா என்று கேளுங்கள்.
3. 'ஏற்கப்பட்ட பிரதியைப் பொதுவில் பகிரும் உரிமை எனக்கு உண்டு' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.
4. ஏற்கப்பட்ட பிரதியையும் படிவத்தின் நகலையும் பத்திரமாக வையுங்கள்.

பதிப்பகத்துக்கும் செலவு உண்டு, மறுக்கவில்லை. சில பதிப்பகங்கள் மறுத்தும் விடலாம். 'பணம் கட்டுங்கள், எல்லோருக்கும் திறந்துவிடுகிறோம்' என்றும் சொல்லலாம். ஆனால் கேட்பதற்குக் காசு வேண்டாமே! 'டிப்ளமோ படிக்கிற நமக்கு எதுக்குப்பா இதெல்லாம்?' என்று நினைக்காதீர்கள். நாளை மேற்படிப்பிலோ வேலையிலோ அந்தப் படிவம் உங்கள் மேஜைக்கும் வரும்.

சார் என்ன ஆனார் என்கிறீர்களா? நாங்கள் நச்சரித்ததில் பழைய படிவத்தைத் தேடி எடுத்துப் படித்தார். ஏற்கப்பட்ட பிரதியை, ஓராண்டுக்குப் பிறகு, பணிபுரியும் நிறுவனத்தின் பக்கத்தில் வைக்கலாம் என்று கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வரி! ஓராண்டு முடிந்து எத்தனையோ காலமாகிவிட்டது. கட்டுரை இப்போது நம் நூலகப் பக்கத்தில் இருக்கிறது. அடுத்த பேட்ச் தம்பி தங்கைகள் டாலர் தேட வேண்டாம்.

கற்றதைப் பகிர்வோம்! கையெழுத்துப் போடும் முன் படிப்போம்!