மாமியாரை வேகவைத்தானா, கரையைப் பார்த்தானா? முரசு ‘பேசும்’ மொழி!

1938-ல் காங்கோவுக்குப் போன ஆங்கிலேய மிஷனரி ஜான் கேரிங்டன், ஒருநாள் திடீரென யாவோங்கமா என்ற சிற்றூருக்குக் கிளம்பினார். யாருக்கும் தகவல் சொல்லவில்லை. போய் இறங்கினால், ஆசிரியர், மருத்துவ உதவியாளர் எல்லாரும் அவருக்காகக் காத்திருக்கிறார்கள்! முரசு சொல்லித் தெரிந்துகொண்டார்களாம்.

அந்தக் காலத்து நம்ம ஊர் தண்டோராவில் பறை ஆளைக் கூப்பிட்டது. சேதியை வாயால்தான் சொன்னார்கள். காங்கோவின் லொகேலே மக்களிடம் முரசே சேதி சொன்னது. சரி, அது மோர்ஸ் மாதிரி ஒரு கோடா? இல்லை. அங்கேதான் விஷயம் இருக்கிறது.

லொகேலே மொழியில் குரல் ஏறுவதும் இறங்குவதும் சொல்லின் பொருளையே மாற்றிவிடும். ‘அலம்பகா போயிலி’ என்பதை ஒரு மாதிரி ஏற்றி இறக்கிச் சொன்னால், ‘ஆற்றங்கரையைப் பார்த்தான்’. கொஞ்சம் மாற்றிச் சொன்னால், ‘மாமியாரை வேகவைத்தான்’. (ஜாக்கிரதை!) மரத்தைக் குடைந்து செய்த முரசில் இரண்டு பக்கம், இரண்டு ஒலி: ஒன்று உயர்ந்தது, இன்னொன்று தாழ்ந்தது. பேச்சின் அந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் முரசு அப்படியே வாசிக்கும்.

ஆனால் ஒரு சிக்கல். எழுத்து போய்விட்டால் பல சொற்கள் ஒன்றாகிவிடுமே? ‘சொங்கே’ என்றால் நிலா, ‘கோகோ’ என்றால் கோழி. முரசில் இரண்டும் ஒரே ஒலிதான். அதனால் வெறும் நிலா என்று அடிக்க மாட்டார்கள். ‘பூமியைக் குனிந்து பார்க்கும் நிலா’ என்று அடிப்பார்கள். கோழி என்றால், ‘கியோகியோ எனச் சொல்லும் சின்னக் கோழி’. வாக்கியம் நீளும்போது குழப்பம் தீர்ந்துவிடும். சிக்னல் சரியில்லாத போனில் ‘ம, மதுரைக்கு வர்ற ம’ என்று நாம் கத்துகிறோமே, அதே டெக்னிக்தான். வெளியாட்கள் பலர் இதை வெறும் அலங்காரம் என்று நினைத்தார்கள். அலங்காரம் இல்லாவிட்டால் சேதியே புரியாது என்பதை விளக்கி, 1949-ல் கேரிங்டன் புத்தகமே எழுதினார்.

இரவில் சுமார் 10 கி.மீ. வரை கேட்கும் சத்தம். அடுத்த ஊர்க்காரர் வாங்கி அடித்தால் இன்னும் தூரம் போகும். ஒவ்வொருவருக்கும் தனி முரசுப் பெயர் வேறு இருந்தது. கேரிங்டன் காலத்திலேயே பள்ளிக்குப் போகும் பையன்களிடம் இந்த மொழி மங்கத் தொடங்கிவிட்டது. அவர் வீட்டில் மட்டும், காட்டில் நடந்துகொண்டிருப்பவரை மதியச் சாப்பாட்டுக்கு மனைவி முரசடித்துத்தான் கூப்பிட்டார்.