நடுத்தூண் இல்லாத கார்

இரண்டு கதவுகளும் பின்னோக்கிச் சரிந்திறங்கும் தாழ்ந்த கூரையும் உடைய காரைக் கூபே என்பர் என்பதும், சொகுசுக் கூபேக்கள் தோலிருக்கைக்கும் மரவேலைப்பாட்டுக்கும் பெயர்பெற்றவை என்பதும் பலரும் அறிந்தவையே. வாங்க வருவோரின் கண்ணும் முதலில் அவற்றின்மீதே விழுகிறது. ஆனால், 1961இல் வெளிவந்த மெர்சிடிஸ் பென்ஸ் 220 எஸ்இ கூபேயிலும், 1981 முதல் 1991 வரை தயாரான அதே நிறுவனத்தின் எஸ்இசி வரிசையிலும் முதலில் கவனிக்கவேண்டியது, கதவின் பின்விளிம்பை ஒட்டித் தரையிலிருந்து கூரைவரை நிற்கவேண்டிய நடுத்தூண் அவற்றில் சன்னல் மட்டத்துக்கு மேலே கிடையாது என்பதுதான். நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டால் காரின் பக்கவாட்டு முழுவதும் ஒரே திறப்பாகிவிடும். அந்த அழகுக்காகத்தான் அவை விரும்பப்படுகின்றன. முதுமையில் அவற்றுக்கு வரும் நோய்களில் பெரும்பாலானவையும் அங்கிருந்தே தொடங்குகின்றன.

திருவனந்தபுரத்தில் திவான் ராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டில் அமைத்த சாலைக் கடைத்தெருவை அறிந்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதன்று. பழைய ஓட்டுக்கடைகளின் முகப்பில் கதவுக்குப் பதிலாக நிரைப்பலகைகள் இருக்கும். மேலே உத்தரத்திலும் கீழே படியிலும் வெட்டிய காடியில் பலகைகளை வரிசை எண்படி ஒவ்வொன்றாகச் செருகிக் கடையை அடைப்பார்கள். காலையில் அவற்றை உருவி அடுக்கிவிட்டால் முகப்பு முழுவதும் தடையின்றித் திறந்துகொள்ளும். இடையில் தூண் இல்லாததால் உத்தரமும் படியும் உறுதியாக இருக்கும்வரை மட்டுமே அந்த ஏற்பாடு செல்லும். ஈரத்தில் கீழ்ப்படி இற்று ஒரு விரற்கடை தாழ்ந்தாலும், கடைசிப் பலகை காடியில் ஏறாது.

கூபேயில் அந்தக் கீழ்ப்படியின் வேலையைச் செய்வது, கதவுக்கு அடியில் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம்வரை ஓடும் பெட்டிவடிவத் தகட்டு உத்தரம் ஆகும். பட்டறைகளில் இதைச் 'சில்' என்பார்கள். தனிச் சட்டகத்தின்மேல் கூடு பொருத்தப்பட்ட பழைய கார்களைப் போலன்றி, தளமும் கூடும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட உடலமைப்பில் தகடே எலும்பாகவும் இருப்பதால், நடுத்தூண் பகிர்ந்துகொள்ளவேண்டிய சுமையின் ஒரு பங்கும் இந்தச் சில்லின்மீது வந்து சேருகிறது. இது உள்ளே குழலாக இருப்பதனால் துரு வெளியே தெரிவதற்கு முன்பே உட்புறத்தைத் தின்றுவிடுகிறது.

அதற்குள் நீர் எப்படிப் புகுகிறது என்பது பலர் எண்ணிப் பார்க்காத செய்தி. கார் என்பது நீர் புகாத பெட்டி அன்று. புகும் நீரை வெளியேற்றும் பெட்டி. கண்ணாடியில் வழியும் மழைநீர் கதவுக்குள் இறங்கி, அடிவிளிம்பிலுள்ள சிறு துளைகள் வழியாக வெளியேறவேண்டும். முன்கண்ணாடியின் அடியில் சேரும் நீருக்கும் சில்லுக்குள் கசியும் நீருக்கும் அவ்வாறே வடிகால்கள் உண்டு. பழைய வீட்டு முற்றத்தில் ஒரு தூம்பு அடைபட்டால் வீடே நனைவதுபோல, மாவிலைச் சருகும் செம்மண்ணும் இத்துளைகளை அடைத்துவிட்டால் நீர் உள்ளேயே தேங்கிவிடுகிறது. ஆண்டுக்கு இரண்டு பருவமழைகளைக் காணும் திருவனந்தபுரத்தில் அந்தத் தேக்கம் உலர வாய்ப்பு குறைவு. துரு ஒரு மின்வேதி வினையாதலால், சங்குமுகம் கடற்கரையிலிருந்து வரும் உப்புக்காற்று அதை மேலும் விரைவுபடுத்துகிறது. துருவைத் தடுப்பதாகச் சொல்லி அடித்தளம் முழுவதும் தார்ப்பூச்சு அடிக்கும்போது இத்துளைகளையும் சேர்த்து மூடிவிடும் பட்டறைகள் உண்டு. அறியாமையால் நடக்கும் இந்தத் தீங்கு, பூசாமல் விட்டிருந்தால் நேர்ந்திருக்கக் கூடியதைவிடப் பெரியது.

ஆகவே வாங்குவோர் எஞ்சினைக் கேட்பதற்கு முன் கதவைக் கேட்கவேண்டும். காரின் ஒரு பக்கத்தை அதற்குரிய ஜாக்கி முனையில் மெல்லத் தூக்கி, அந்த நிலையில் கதவைத் திறந்து மூடிப் பார்க்கையில், அது முன்போலவே மூடினால் சில் உறுதியாக உள்ளது எனக் கொள்ளலாம். பூட்டு இடித்தாலோ, கதவின் மேல்விளிம்பில் இடைவெளி மாறினாலோ, கூடு வளைகிறது என்பது பொருள். மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தத்தைச் சில்லின் நெடுகிலும் நகர்த்தினால், தகடு உள்ள இடத்தில் அது பற்றும். துளையைப் புட்டிப் பசையால் நிரப்பிப் பெயிண்ட் அடித்த இடத்தில் நழுவி விழும்.

நடுத்தூண் இல்லாமையின் இன்னொரு விளைவு நெகிழவைக்கும் நுட்பம் உடையது. இருக்கைப் பட்டையைப் பிணைக்கத் தூண் இல்லாததால் அது பின்னால் வெகுதொலைவில் அமைகிறது, கை எட்டாது. எஸ்இசி வரிசையில், கதவை மூடிச் சாவியைத் திருப்பியதும் ஒரு சிறு மின்மோட்டார் கரம் பட்டையை ஏந்தியபடி முன்னோக்கி நீண்டு வந்து தோளருகே நிற்கும். பட்டையை மாட்டியதும் பின்வாங்கிக்கொள்ளும். பணிவுள்ள கடைப்பையன் துணிமடிப்பை நீட்டுவது போன்ற இச்செயல், உள்ளிருக்கும் பிளாஸ்டிக் பாகங்கள் மூப்படைந்தபின் பாதியில் நின்றுவிடுகிறது. அக்கரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு விற்பனைக்கு வைக்கப்படும் கார்களைக் காண்பது வருத்தத்துக்குரியது.

மற்ற முதுமைக் குறைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால், கிலோமீட்டரைப் பாராமல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றப்படவேண்டும். 20 விழுக்காடு எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களுக்கு ஏற்றதன்று. 1990களின் முற்பகுதியில் தயாரான பல பென்ஸ் கார்களில் எஞ்சின் கம்பிக்கட்டின் உறை தானாகவே பொடிந்து உதிரும். பதிவைப் பொறுத்தவரை, 15 ஆண்டுக்குப் பின் தகுதிச் சோதனைக்கு உட்படுத்தி ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். மாற்றம் செய்யப்படாத, 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021ஆம் ஆண்டின் மத்திய விதி தனிப் பதிவு வரிசையை வகுத்துள்ளது.

திருவனந்தபுரத்தில் பழைய பென்ஸ் என்றதும் நினைவுக்கு வருவது, திருவிதாங்கூர் அரச குடும்பத் தலைவராக விளங்கிய உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் (1922–2013) சிஏஎன் 42 என்ற எண்ணுள்ள மெர்சிடிஸ் 180 ஆகும். அது கூபே அன்று, நான்கு கதவுகளும் நடுத்தூணும் உள்ள 1950களின் செடான். எனினும் பல லட்சம் மைல் ஓடியதாகப் பேசப்படும் அந்த வண்டி ஓட்டத்தினால் அழியவில்லை என்பது கருதத்தக்கது. ஓடும் காரில் எஞ்சினின் வெப்பம் ஈரத்தை விரட்டும், எண்ணெய் எல்லாக் கசிவுத்தடுப்பு வளையங்களையும் நனைக்கும், பேட்டரி நிறையும். நிற்கும் காரிலோ பெட்ரோல் பிசினாகித் துளைகளை அடைக்கும். தந்தையின் காரை விற்கவும் மனமின்றி, ஓட்டவும் பொழுதின்றி, பிளாஸ்டிக் தார்ப்பாயால் இறுக மூடி முற்றத்தில் விட்டுவைப்பவர்கள், தரையிலிருந்து எழும் ஆவியை அதற்குள் சிறைவைக்கிறார்கள். அன்பினால் செய்யப்படும் புறக்கணிப்பாதலால் அதை எடுத்துச் சொல்வதும் கடினமாகிறது. கூரையுள்ள, காற்றோட்டமான கொட்டகையும் ஒரு பருத்தித் துணியும் போதும்.

இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழைக்கு முன் ஒருமுறையும் துலாமழை எனப்படும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒருமுறையும், தென்னை ஈர்க்குச்சி ஒன்றினால் கதவடித் துளைகளையும் சில்லின் வடிகால்களையும் குத்திச் சுத்தம் செய்து, முன்கண்ணாடியின் அடியில் ஒரு செம்பு நீரை மெதுவாக ஊற்றிப் பார்க்கவேண்டும். ஊற்றிய நீர் சிறிது நேரத்தில் முன்சக்கரத்தின் பின்னே, இரு பக்கமும் ஒரே அளவில், துருக்கறை இன்றித் தெளிவாகச் சொட்டவேண்டும்.