செஞ்சியில் ஓனர், பாண்டியில் கடை

பாண்டிச்சேரி என்றால் கவர்னர் மாளிகை, கடற்கரைச் சாலை, பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளே. அதெல்லாம் முகப்பு, பளபளவென்றுதான் இருக்கும். வாங்க, கொல்லைப்புறம் போய் எட்டிப் பார்க்கலாம். அது இருப்பது சுமார் எழுபது கிலோமீட்டர் தள்ளி, செஞ்சியில்!

17ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரையில் ஒரு வெள்ளைக்காரர் துணி மூட்டை கட்ட வேண்டுமென்றால், செஞ்சி மலையில் இன்றைக்கு யார் உட்கார்ந்திருக்கிறார் என்று முதலில் விசாரிக்க வேண்டும். நேற்று இருந்தவரே இன்றும் இருப்பார் என்று நம்பினால் தீர்ந்தது கதை.

நம் கதாநாயகர் பிரான்சுவா மர்த்தேன். பாரிஸ் மளிகைக்காரர் ஒருவரின் மகன். 1664ல் தொடங்கிய பிரெஞ்சுக் கம்பெனியில் சேர்ந்து மறு வருஷமே கப்பலேறினார். 1674ல் பாண்டிச்சேரியில் சொற்ப ஆட்களோடு கடை போட்டார். கடைதான், சாம்ராஜ்யமெல்லாம் இல்லை. கைமுதல் குறைவு. பாரிசுக்குக் கடிதம் போட்டால் பதில் வர ஒரு வருஷத்துக்கு மேலாகும். அதற்குள் இங்கே ராஜாவே மாறிவிடுவார்!

இடம் கொடுத்தவர் ஷேர்கான் லோடி. வாலிகண்டபுரத்தில் பீஜப்பூர் சுல்தானின் அதிகாரி. செஞ்சியிலும் பீஜப்பூரின் அதிகாரி ஒருவர் இருந்தார். இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். நடுவில் மாட்டியது குடக்கூலிக்காரர். 1676ல் செஞ்சிக்காரர் வசமிருந்த வழுதாவூர்க் கோட்டையைப் பிடிக்க ஷேர்கானுக்கு மர்த்தேன் ஆள் அனுப்பினார். துணி வாங்க வந்தவர் கோட்டை மதிலேற ஆள் அனுப்புகிறார், இந்த வேலையெல்லாம் எந்த லைசென்ஸில் வரும்?

அடுத்த வருஷமே சிவாஜி வந்து செஞ்சியை வாங்கிக்கொண்டார், ஷேர்கானையும் தோற்கடித்தார். மர்த்தேன் நம்பியிருந்த ஆள் அவுட். உடனே ஒரு பிராமணத் தூதரிடம் பரிசுப் பொருட்களைக் கொடுத்து சிவாஜியிடம் அனுப்பினார். எதிரிகளோடு சேரக் கூடாது என்ற நிபந்தனையோடு கடை பிழைத்தது.

எனக்கு இந்த மொத்தக் கதையிலும் பிடித்த ஆள் துபாஷ், அதாவது இரு மொழி பேசும் இடைத்தரகர். மர்த்தேனுக்கு அந்த வேலையைப் பார்த்தவர் தானப்ப முதலியார். எந்தத் தர்பாரில் என்ன காணிக்கை வைப்பது, எந்த வியாபாரிக்கு எவ்வளவு முன்பணம் தருவது என்பதெல்லாம் அந்த வேலையில் அடக்கம். முன்பணம் போகாமல் தறி ஓடாது. படை வருகிறது என்று வதந்தி கிளம்பினாலே நெசவாளர்கள் ஊரைக் காலி செய்துவிடுவார்கள். கொடுத்த பணமும் கூடவே போய்விடும். கப்பலோ காற்றைப் பார்த்துப் புறப்பட்டாக வேண்டும், காத்திருக்காது.

பக்கத்துக் கடைக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. ஆங்கிலேயருக்காகப் பேரம் பேச 1681லேயே செஞ்சிக்குப் போனவர் எலிஹு யேல். ஆமாம், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த அதே யேல்! 1690ல் அவர் சென்னை கவர்னர். செஞ்சியில் சிவாஜியின் இளைய மகன் ராஜாராம். முற்றுகை போட முகலாயப் படை வந்தாயிற்று, ராஜாராமுக்குக் காசு வேண்டும். கடலூர் பக்கம் தேவனாம்பட்டினம் கோட்டை விலைக்கு வந்தது. கோட்டையோடு எவ்வளவு நிலம்? பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும்! இப்படி ஒரு பத்திரம் எழுதினால் வாங்குகிறவர் என்ன செய்வார்? சென்னையிலிருந்து நல்ல பீரங்கியும் கைதேர்ந்த பீரங்கிக்காரரும் வந்து இறங்கினார்கள். சர்வேயர் வேலையைக் குண்டு பார்த்தது. உள்ளே அகப்பட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர். கடலூருக்குப் பக்கத்தில் குண்டு உப்பலவாடி இன்றும் இருக்கிறது. விலைக்கு வாங்கிய அந்தத் தேவனாம்பட்டினம் கோட்டைதான் புனித டேவிட் கோட்டை ஆனது.

டச்சுக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மர்த்தேன் குடியிருந்த இடத்தையே ராஜாராமிடம் விலை பேசிவிட்டு 1693ல் முற்றுகை போட்டார்கள். கடை பூட்டு. மர்த்தேன் கைதி. சாவி திரும்பக் கிடைக்கச் செஞ்சி உதவவில்லை. ஐரோப்பாவில் 1697ல் ரிஸ்விக் என்ற ஊரில் கையெழுத்தான உடன்படிக்கைதான் உதவியது. அப்படியும் 1699 வரை இழுத்தது. கோட்டை கட்டிய செலவுக்குப் பணம் வாங்கிக்கொண்டுதான் டச்சுக்காரர்கள் நகர்ந்தார்கள். இடையில் 1698ல் செஞ்சி முகலாயர் கைக்குப் போய்விட்டது. ஓனர் மறுபடியும் புதுசு! மர்த்தேன் அசரவில்லை. ஊரைத் திருத்திக் கட்டி, 1706 டிசம்பர் 31ல் அங்கேயே இறந்தார்.

அவர் இறந்து நாற்பத்து நாலு வருஷத்தில், 1750 செப்டம்பரில், பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் செஞ்சியைப் பிடித்தார். குடியிருந்தவர் ஓனர் வீட்டுக்குள்ளேயே நுழைந்துவிட்டார்! பதினோரு வருஷம்தான். 1761ல் ஆங்கிலேயர் வந்து காலி செய்ய வைத்தார்கள்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ செஞ்சியையும் மராட்டியர் கோட்டை வரிசையில் உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியிருக்கிறது. செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை ஏறப் போகிறவர்கள் வெயிலுக்கு முன்னால் கிளம்புங்கள். திரும்பும் வழியில் பாண்டி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்களையும் பார்த்துவிடுங்கள். அவை செஞ்சியிலிருந்து வந்தவை.